சிவப்பு பல்பு எரியும்போது

அந்த அக்காவிடம் நான் முதன்முதலாகத் திட்டு வாங்கியது சிரித்ததற்காக.

கல்யாணமாகி சாமளாபுரத்துக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரருக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் வேலை. திருப்பூரில் வாடகை கொடுத்து மாளாது என்று, பஸ் ஏறிப் போய்வருகிற தூரத்தில் இங்கே ஒரு ஓட்டு வீட்டைப் பிடித்திருந்தார். நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் பொம்பளைகள் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும், சிரித்தால் அதற்கும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அன்று மத்தியானம் குழாயடியில் நின்று எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் கதவு லேசாகத் திறந்தது. கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டிய ஒருத்தி எட்டிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

"அம்மிணி, சித்த கம்முனு இருங்க. போன் வந்திருக்குதுங்க."

சொன்னது கெஞ்சுகிற குரலில். கண் மட்டும் நன்றாகவே திட்டியது. வீட்டுக்குள் செருப்புப் போட்டிருந்தாள் என்பதையும் அப்போதே பார்த்துவிட்டேன். கதவு மூடிக்கொண்டது.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. சாமளாபுரத்தில் விசைத்தறிச் சத்தம் யார் காதிலும் விழுவதில்லை. எந்நேரமும் ஓடுவதால் அது பாட்டுக்கு ஓடும், நாம் பாட்டுக்கு இருப்போம். நின்றால்தான் தெரியும். அக்கா வீட்டின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த தறிக்குடோனில் நாலு தறியும் நின்றிருந்தன. "டென்மார்க் பேசுதுங்க" என்றாள் குடத்தோடு நின்றவள், அவளும் ரகசியக் குரலில். அவர்கள் வாசல் சுவரில் ஒரு சிவப்பு பல்பு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது.

டென்மார்க்கில் குழந்தைகள் துணி விற்கிற ஒரு சின்னக் கம்பெனி. அதன் முதலாளி ஒரு அம்மாள். அக்கா 'மேடம்' என்பாள். அந்த மேடத்துக்குத் திருப்பூரில் இருந்த ஒரே ஆள் அக்காதான். காலையில் பஸ்ஸில் போய், ஆர்டர் ஓடுகிற கம்பெனிகளில் அளவு சரியா, சாயம் சரியா, பட்டனைப் பிடித்து இழுத்தால் கையோடு வருகிறதா என்று பார்ப்பாள். மத்தியானத்துக்குள் வீடு திரும்பிக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் எழுதி அனுப்புவாள். நமக்குச் சாப்பாட்டு நேரம் அவர்களுக்குக் காலை. ஆபீஸ் திறந்ததும் மேடம் போனில் கூப்பிடும். சம்பளம் அங்கிருந்தே பாங்குக்கு வந்துவிடும். முதலாளி ஏழு கடல் தாண்டி இருக்க, வேலைக்காரி சாமளாபுரத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பது அன்றைக்கு எங்கள் தெருவில் பெரிய அதிசயம்.

ஆனால் அது வீடு என்பது மேடத்துக்குத் தெரியாது. வேலையில் சேரும்போது திருப்பூரில் ஆபீஸ் இருப்பதாக அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றுவதிலேயே அவள் காலம் கழிந்தது. நான் பார்த்த அக்காவின் வாழ்க்கை இவ்வளவுதான்: தன் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் டென்மார்க்குக்குக் கேட்டுவிடக் கூடாது.

அதற்கு என்னவெல்லாமோ செய்தாள். அறைச் சுவரில் ஜமுக்காளம் தொங்கவிட்டாள். கதவிடுக்கிலும் ஜன்னல் இடுக்கிலும் பனியன் வேஸ்ட் துணியை அடைத்தாள். வளர்த்த கோழிகளை மூலனூரில் இருந்த அத்தைக்குக் கொடுத்துவிட்டாள். பத்து மணிக்கு மேல் அந்த வீட்டில் குக்கர் ஏறாது. மேஜைக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தாள். அதைத் தட்டினால் தறிக்குடோனுக்குள் ஒரு சிவப்பு பல்பும், தெருவுக்காக வாசலில் இன்னொன்றும் எரியும். உடனே அவளுடைய அப்பா தறிகளை நிறுத்துவார். பால்காரர் ஹாரனை அமுக்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். நான் என் வீட்டுத் தையல் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். தெருவில் நாய் குரைத்தால்கூட எங்களில் யாராவது ஓடிப்போய் அதட்டாமல் விரட்டுவோம். சத்தம் போடாமல் நாயை விரட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது எங்கள் தெருவுக்குத்தான் தெரியும்.

செருப்பைப் பற்றி ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏங்க்கா, போனுல பேசுறதுக்கு செருப்பு எதுக்கு? அவுகளுக்குத் தெரியவா போவுது?"

"செருப்பப் போட்டாத்தான் அம்மிணி ஆபீஸ் பேச்சு வருது. வெறுங்கால்ல நின்னா ஊட்டுப் பேச்சு வந்துருது" என்றாள். கேலி செய்யலாம் என்று பார்த்தால் அவள் முகத்தில் விளையாட்டே இல்லை.

கரண்ட் போனால் விசைத்தறி ஊரே தலையில் கை வைத்துக்கொள்ளும். அக்கா ஒருத்திக்குத்தான் முகம் மலரும். கம்ப்யூட்டருக்கும் சிவப்பு பல்புக்கும் பேட்டரி வைத்திருந்தாள், போனுக்குக் கரண்ட் தேவையில்லை. ஊர் முழுக்கத் தறி நின்று கிடக்கிற அந்த நேரத்தில் அக்காவின் இங்கிலீஷ் தனிக்களையோடு வரும். "உங்களுக்கென்னக்கா, ஊரு கெட்டா கொண்டாட்டம்" என்பேன். அதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரிப்பாள், பல்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவளே ஒருமுறை சொன்னாள். முன்பு அவள் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக இருந்தாள். வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் ஒருவன் வந்து, துணி தைக்கிற இடம் எல்லாவற்றையும் காட்டு என்று பிடிவாதம் பிடித்திருக்கிறான். கொஞ்சம் வேலையை வெளியே ஒரு வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். எப்படியோ மோப்பம் பிடித்து அங்கேயும் போய்விட்டான். உள்ளே மூன்று மிஷின், பக்கத்தில் ஒரு தொட்டில். ஒரு பெண் ஒரு காலால் மிஷினை மிதித்துக்கொண்டு ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவன் போட்டோ எடுத்துக்கொண்டு, கொடுத்த இளநீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். ஆர்டர் போயிற்று. அதோடு அந்தக் கம்பெனியும் படுத்துவிட்டது.

"அந்தத் தொட்டிலப் பார்த்ததும் அவன் மூஞ்சி போன போக்கு இருக்குதே, இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க. ஊட்டுக்குள்ள வேலைன்னா அவியளுக்கு ஆகாது."

"அது தையலுக்குத்தானக்கா? வீட்டுல வச்சா சின்னப் பிள்ளைகளையும் சேர்த்து வேலை வாங்கிருவாங்கன்னு பயப்படுதாக. நீங்க போனுல பேசுறதுக்கு என்ன?"

"ஊடுன்னா ஊடுதானுங்க" என்று முடித்துவிட்டாள்.

இவ்வளவு கெட்டிக்காரி இதில் மட்டும் இப்படி இருந்தாளே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மேடம் ஒருமுறை திருப்பூருக்கே வந்தது. ஆபீஸைப் பார்க்கலாமா என்று கேட்டதாம். பெயிண்ட் அடிக்கிறார்கள், வாடை தாங்காது என்று சொல்லி ஹோட்டலிலேயே பேசி அனுப்பிவிட்டாள். இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை அவளுக்கு. மேடம் விமானம் ஏறிய பிறகுதான் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இன்னொரு நாள் நான் உள்ளே இருக்கும்போதே போன் வந்துவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். அந்த வீட்டு அமைதியில், போனுக்குள்ளிருந்து நாய் குரைப்பது எனக்கே கேட்டது. யாரோ பிள்ளை சிணுங்கியது. பாத்திரம் விழுந்தது. மேடம் சிரித்தது. எல்லாம் முடிந்ததும் கேட்டேன், "என்னக்கா, ஆபீஸுல நாய் குரைக்கி?"

"அவிய முதலாளிங்க. அவிய ஆபீஸ்ல நாய் இருக்கும், என்ன வேணா இருக்கும். நமக்கென்ன? நம்மூட்டுத் தறி அவியளுக்குக் கேக்கக் கூடாது, அவ்வளவுதான்."

இனி அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் புருஷன் கல்யாணமான கொஞ்ச நாளில் வேறொருத்தியோடு போய்விட்டான். பிள்ளை இல்லை. அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் அப்பா மட்டும். நான் 'ஐயா' என்று கூப்பிடுவேன். என் வயசுக்கும் எனக்கு 'ங்க' போட்டுத்தான் பேசுவார். வாழ்நாள் முழுக்கத் தறிக்குடோனில் பஞ்சுத் தூசியைத் தின்றதில் அவருக்கு இளைப்பு. மூச்சு வாங்க ஆரம்பித்தால் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொள்ளும். அவரைத் தனியாக விட முடியாது என்றுதான் அக்கா டென்மார்க் வேலையைப் பிடித்துக்கொண்டாள். திருப்பூரில் கம்பெனி வேலை என்றால் காலையில் போனால் ராத்திரி ஆகும். இந்த வேலையில் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடலாம், அப்பா கூப்பிடுகிற தூரத்தில் இருக்கலாம். அதனால்தான் அந்த வேலை அவளுக்கு உயிர்.

ஐயாவுக்கு மகள் வேலையில் அப்படி ஒரு பெருமை. ஓடுகிற தறியை நிறுத்தி மறுபடி போட்டால் துணியில் கோடு விழும். காடாத் துணி வாங்க வருகிற வியாபாரி அதைக் காட்டிக் காட்டித் திட்டுவான். ஐயா கேட்டுக்கொள்வார். "கோடு உளுந்தா உளுந்துட்டுப் போகுதுங்க. என்ற புள்ளைகிட்ட சீமையில இருந்து பேசறாங்க" என்பார் என்னிடம். பல்பு எரிந்ததும் தறி ஓட்டுகிற ஆள் டீ குடிக்கப் போய்விடுவான். ஐயா மட்டும் உள்ளேயே உட்கார்ந்து, அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்.

மாரியம்மன் நோம்பிக்கு மைக்செட் குழாயை அக்கா வீட்டைப் பார்த்துக் கட்டிவிட்டார்கள். அக்கா போய், "எங்கய்யனுக்கு நெஞ்சு செரியில்லீங்க, சத்தம் ஆகாதுங்க" என்று கும்பிட்டு நின்றாள். பாவம் என்று குழாயைத் திருப்பிக் கட்டினார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் ஐயா. "என்ற நெஞ்சு கெட்டதுக்கும் ஒரு பிரயோசனம் ஆச்சுங்க அம்மிணி."

சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவர் இருமினால் சாதாரணமாக இருக்காது, ஆளையே உலுக்கும். பல்பு எரிகிற நேரத்தில் இருமல் வந்தால் என்ன செய்வார் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. ஒருநாள் கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும்போது பார்த்தேன். குடோன் பின்கதவு வழியாக ஐயா குனிந்தபடி வெளியே வந்தார். தோள் துண்டைச் சுருட்டி வாய்க்குள் பாதி திணித்திருந்தார். வேலியோரம் போய்க் குத்தவைத்து, துண்டுக்குள்ளேயே இருமினார். முதுகு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது, சத்தமே வரவில்லை. என்னைப் பார்த்ததும் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார்.

பல்பு அணைந்ததும் அக்காவிடம் போய் இரைந்தேன். "ஒங்க அப்பா துண்டத் தின்னுக்கிட்டு இருமுதாரு. போயிப் பாருங்க."

அக்கா அழுதுவிட்டாள். "நாஞ் சொல்லலீங்க அம்மிணி. அவராப் பண்றாரு" என்றாள். மறுநாளே கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினாள். வாயில் வைத்து அமுக்கி இழுக்கிற மருந்துப் பம்பு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அப்பா மேல் பாசம் இல்லாதவள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. அவருக்கு நகம் வெட்டிவிடுவாள், இட்லியைப் பிய்த்துச் சாம்பாரில் ஊறவைத்துக் கொடுப்பாள். சிவப்பு பல்பை மட்டும் அவளால் விட முடியவில்லை.

பம்பு நன்றாகத்தான் வேலை செய்தது. கொஞ்ச நாள் கழித்து ஐயாவிடம் கேட்டேன், இப்போது போன் நேரத்தில் தொந்தரவு இல்லையே என்று.

"பல்பு எரியறப்ப அதை அடிக்கறதில்லீங்க" என்றார்.

"ஏன்?"

"புஸ்ஸுனு சத்தம் வருதுங்களே."

சுவருக்கு அந்தப் பக்கம், ஜமுக்காளத்துக்கு அந்தப் பக்கம், பம்புச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது? தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சொன்னால் கேட்கிற ஆளில்லை. அக்காவிடம் சொன்னேன், அவளும் அவரிடம் சொன்னாள். சரி சரி என்றார்.

அந்த வருஷம் வெளிநாட்டில் வியாபாரம் படுத்தது. திருப்பூரில் ஆர்டர் குறைந்து, என் வீட்டுக்காரருக்கே வாரத்தில் பாதி நாள்தான் வேலை. மேடத்தின் கூட்டாளி, தனியாக ஒரு ஆளை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும், திருப்பூரில் பெரிய ஆபீஸ் வைத்திருக்கிற ஏஜென்சி ஒன்றிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். வருகிற செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து பேசுகிறோம், மறுநாள் முடிவு சொல்கிறோம் என்று மெயில் வந்தது. அக்கா ஒரு வாரமாகப் பித்துப் பிடித்தவள்போல இருந்தாள்.

"இந்த வேலை போச்சுன்னா நான் ஏதாச்சும் கம்பெனிக்குத்தான் போகோணும் அம்மிணி. காத்தால போனா ராத்திரிதான். அய்யன ஆரு பார்ப்பா?"

செவ்வாய்க்கிழமை காலை வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனாள். ரெண்டு வீடு தள்ளிக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது, மண்வெட்டிச் சத்தம் கேட்கும் என்று தறிக்குடோனின் பின்கதவையும் ஜன்னல்களையும் சாத்தித் தாழ் போட்டாள். பல்பு எரிந்தது. தெரு அடங்கியது. அன்றைக்குப் பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. வழக்கம்போல் அரைமணியில் முடியவில்லை. நான் மிஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருப்பக்கம் டீக்கடையில் தறிக்காரன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

வெயில் நேரத்தில் ஐயாவுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுப்பது என் வழக்கம். இவ்வளவு நேரமாயிற்றே என்று மோரை எடுத்துக்கொண்டு சந்து வழியாகப் போய்க் குடோனின் பக்கக் கதவைச் சத்தமில்லாமல் தள்ளினேன். உள்ளே வெக்கை முகத்தில் அடித்தது. காற்றே இல்லை, தூசிதான் இருந்தது. ஐயா தறிக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் சரிந்து கிடந்தார். துண்டு வாயில் இருந்தது. பம்பு கையில் இருந்தது. மூடி கழற்றவில்லை.

நான் கத்தினேன். கோவில்பட்டிக் குரல் முழுக்க எடுத்துக் கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன். "அக்கா! ஐயா விழுந்து கெடக்காரு, வாங்கக்கா!"

அறைக் கதவு திறந்தது. போன் ரிசீவரை மார்போடு சேர்த்துப் பொத்திக்கொண்டு அக்கா நின்றாள். நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. சத்தம் மட்டும்தான் ஏறியிருக்கிறது. அன்று குழாயடியில் பார்த்த அதே கண்ணால் என்னைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள். "சாரி மேடம், ஒன் விசிட்டர்" என்று உள்ளே சொல்வது கேட்டது.

அவள் வெளியே வந்தபோது தறிக்காரனும் நானும் ஐயாவை வாசலுக்குத் தூக்கி வந்திருந்தோம். அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. பல்லடம் ஆஸ்பத்திரியில், உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார்கள். அவள் கதவைச் சாத்தாமல் அப்போதே ஓடி வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஊரில் எல்லோரும் இன்னொரு ஆறுதலும் சொன்னார்கள். தறி ஓடியிருந்தாலும் அவர் விழுந்தது யாருக்கும் கேட்டிருக்காது, அது உன் தப்பில்லை என்று. கேட்டிருக்காதுதான். ஆனால் தறி ஓடியிருந்தால் அந்த மனுஷர் வாய்விட்டு இருமியிருப்பார், பம்பை அடித்திருப்பார், கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்திருப்பார். இதை நான் அக்காவிடம் ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

வேலை போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் சில வருஷம் அந்தக் கம்பெனியிலேயே இருந்தாள். தறிகளை விற்றுவிட்டுக் குடோனுக்குள் கண்ணாடிக் கதவெல்லாம் போட்டு நிஜமாகவே ஒரு ஆபீஸ் அமைத்தாள். ஒருநாள் மனசு கேட்காமல், இத்தனை நாளும் வீட்டிலிருந்துதான் பேசினேன் என்று மேடத்திடம் சொல்லியும் விட்டாளாம். மேடம் சிரித்ததாம். நானும்தான், ஆபீஸ் வாடகை கட்டுப்படியாகாமல் ரொம்ப காலமாக என் சமையலறை மேஜையில் உட்கார்ந்துதான் பேசுகிறேன் என்றதாம். இதை என்னிடம் சொன்ன அன்று அக்கா அழவில்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பார்க்க முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன். அவள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அவள் பாவம் என்பதும் உண்மை.

ஆனால் அவளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது ஐயாவை எடுத்த நாள்.

புதன்கிழமை மத்தியானம். மூலனூரிலிருந்து ஐயாவின் தங்கை வருவதற்காகக் காத்திருந்தோம். உடம்பு நடுவீட்டில் கிடந்தது. சுற்றிலும் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள், வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்போது அறைக்குள் போன் அடித்தது.

யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒப்பாரி நின்றது. வாயைத் திறந்தவர்கள் திறந்தபடி நிறுத்தினார்கள். நடுவீட்டில் அத்தனை பேருக்கு நடுவில் போன் அடிப்பது மட்டும் கேட்டது. முடிவு சொல்கிற நாள் அதுதான் என்று தெருவுக்கே தெரியும். அக்கா எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. வாசலில் பல்பு எரிந்ததும் மேளக்காரர்கள் குச்சியைக் கீழே வைத்தார்கள்.

நாங்கள் பிணத்தைச் சுற்றிக் கம்மென்று உட்கார்ந்திருந்தோம். உள்ளே "யெஸ் மேடம், யெஸ் மேடம்" என்று அக்காவின் ஆபீஸ் குரல் நடுங்காமல் வந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஐயாவின் தங்கை இறங்கி, தெருவிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு, "என்ற பொறந்தவனே..." என்று குரலெடுத்து வந்தார். நான்தான் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினேன். உதட்டில் விரலை வைத்தேன். மற்ற பெண்களும் கையை ஆட்டி, சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினார்கள்.

அந்த அம்மாள் திகைத்துப்போய் நின்றார். அழுகிற சத்தம் இல்லை, மேளம் இல்லை. எல்லோரும் கம்மென்று இருக்கிறார்கள். உள்ளே படுக்கவைத்திருந்த அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. என் கையை மெல்ல விலக்கிவிட்டு, காதோடு கேட்டார்.

"அப்ப உசுரு இருக்குதுங்களா அம்மிணி?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் வாய் மறுபடி திறந்தது. உள்ளே அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். நான் மறுபடியும் பொத்தினேன். "தேங்க்யூ மேடம்" என்று கேட்கிறவரைக்கும் கையை எடுக்கவில்லை.